கழற்றி வைத்த உடம்பு

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு, பெருமாநல்லூர் கமலாம்பாள் நிட்ஸ் என்ற பனியன் கம்பெனியின் வாசலில் மாட்டியிருந்த வருகைப் பதிவு மெஷின், ராஜவேலின் முகத்தைப் பார்த்துவிட்டு "ஆள் பொருந்தவில்லை" என்றது.

முதலாளியின் மகன் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இந்த மாதத்தில் இது நான்காவது தடவை.

"அண்ணா, கன்னத்தைக் கொஞ்சம் உப்பிக் காட்டுங்க. தொறந்துக்கும்" என்றாள் வரிசையில் பின்னால் நின்ற செக்கிங் ஜோதிகா.

உப்பிக் காட்டினான். மெஷின் சிறிது நேரம் யோசித்தது. பிறகு "நன்றி" என்றது.

மெஷினைக் குறை சொல்ல முடியாது. அதன் நினைவில் இருந்தது நூற்று ஐம்பத்தொரு கிலோ ராஜவேல். இருபத்து மூன்று மாதங்களுக்கு முன், டாக்டர் வீட்டு எடை மெஷின் அவன் ஏறியதும் எண்ணைக் காட்டாமல் கோடு கோடாகக் காட்டியதால், கம்பெனி குடோனில் துணி எடை போடும் மேடையில் ஏற்றி நிறுத்திக் கண்டுபிடித்த எண் அது. கோயமுத்தூர் டாக்டர் வயிற்றில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். ராஜவேல் ஆறு மாதம் டைம் கேட்டான். அதற்குக் காரணம் துணிச்சல் அல்ல, கத்திப் பயம் என்பது இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

முதல் நாள் அவன் நடந்தது வீட்டு வாசலிலிருந்து பேக்கரி வரைக்கும். அதுவும் பேக்கரிக்குள் போகாமல் திரும்பியதைத்தான் மனைவி அனுப்ரியா சாதனையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டாள். அப்புறம் டயட்டீஷியன், அளந்து போட்ட சோறு, ஐந்தே காலுக்கு அலாரம், நடுவில் நான்கு மாதம் ஒரு கிராம்கூடக் குறையாமல் நின்றுபோன அந்தக் கொடுமை. போன வாரம் அதே குடோன் மேடையில் எண் எண்பத்து மூன்றில் நின்றது.

அறுபத்தெட்டு கிலோ. உடம்பில் கத்தி படவில்லை. இன்னும் ஊர் நம்பவில்லை.

"கொள்ளுத் தண்ணிங்களா?" என்று கேட்பார்கள்.

"இல்லீங்க. நடந்தேனுங்க. கம்மியாத் தின்னேனுங்க."

"அது சரிங்க. என்ன மருந்துங்க?"

உண்மையைச் சொன்னால் ரகசியத்தை மறைக்கிறான் என்று கோபித்துக்கொண்டு போனார்கள்.

*

முதலாளி சென்னிமலையின் அறையில் காலை ஒன்பது மணிக்கே பஞ்சாயத்து தொடங்கிவிட்டது.

கம்பெனியில் சட்டை வாங்கும் வெளிநாட்டுப் பையர்களோடு பேசுவது, ஆர்டரைப் பின்தொடர்வது எல்லாம் அனுப்ரியாதான். டென்மார்க் பையர் ஹன்னா அனுப்பிய மெயிலை மாமனாருக்குத் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு எக்ஸ்எல் போலோ சட்டை, நின்னா நல்லா இருக்குதாமுங்க மாமா. உக்காந்தா மேல ஏறிக்குதாம். கையைத் தூக்குனா வயிறு தெரியுதாம். வாங்குனவங்க திருப்பி அனுப்பறாங்களாம். இன்னைக்கு மூணரைக்கு வீடியோவுல அதே ஆளு மேல போட்டுக் காட்டச் சொல்றாங்க."

"அதே ஆளு இதா நிக்கறானே?" என்றார் சென்னிமலை.

"பாதி ஆளுதானுங்களே நிக்கறாரு."

விஷயம் இதுதான். இரண்டு எக்ஸ்எல் வரைக்கும்தான் ஹன்னாவின் கம்பெனி அளவு கொடுக்கும். அதற்கு மேல் உள்ள சைசுகளை இங்கேயே உருவாக்கிக்கொள்ள வேண்டும். திருப்பூரில் மற்ற கம்பெனிகள் சட்டை மாட்டிப் பார்க்கப் பெரிய பொம்மைக்கு அலைந்தபோது, சென்னிமலைக்கு வீட்டிலேயே ஆள் இருந்தது. பதினோரு வருடமாக நாலு எக்ஸ்எல் என்றால் ராஜவேல்தான். அவன் மேல் போட்டு, குண்டூசி குத்தி, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். பிற்பாடு வீடியோ வந்தது. கழுத்திலிருந்து தொடை வரைதான் கேமராவில் தெரியும். பதினோரு வருடத்தில் ஹன்னா அவன் முகத்தைப் பார்த்ததே கிடையாது. அவன் இளைக்கத் தொடங்கியதிலிருந்து பழைய அளவையும் பழைய போட்டோவையும் வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நிஜத்தைச் சொல்லிரலாமுங்கப்பா" என்றான் ராஜவேல்.

"என்னன்னு? எங்க ஆளு கரைஞ்சு போயிட்டானுங்கன்னா?" சென்னிமலை நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அவருடைய நூற்று இருபது கிலோவைத் தாங்கிப் பழகிய நாற்காலி அது; முனகாமல் சாய்ந்தது. "ரெண்டு லைன் அந்தப் பெரிய சைசுலதான் ஓடுது. அறுபது டைலருங்க. இன்னைக்கு அந்தம்மா ஓகே சொல்லலீன்னா திங்கக்கிழமை அவங்களுக்கு வேலை இல்ல. ஒரு மணி நேரம்டா. வேஸ்ட் துணியைச் சுத்திக்கிட்டுப் பழைய ஆளா நில்லு."

"மறுக்காவும் அந்த உடம்பாங்கப்பா?"

"எல்லாரும் ஓடியாடி கம்பெனிக்குச் சம்பாதிச்சாங்க. நீ சும்மா நின்னே சம்பாதிச்சுக் குடுத்தவன்டா கண்ணு. இப்ப அதுவும் முடியாதுன்னா உன்னை நான் எங்க வெக்கறது?"

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

படியிறங்கும்போது அனுப்ரியா அவன் கையைப் பிடித்தாள். "ஏனுங்க, உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம். நான் மெயில் போட்டுக்கறேன்."

"அறுபது டைலரு, அனு."

"அறுபத்தெட்டு கிலோவுமுங்க."

*

சாம்பிள் ரூமில், அளவெடுத்துத் துணி வெட்டும் பேட்டர்ன் மாஸ்டர் இசக்கிமுத்து கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடமாகிவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் பஸ் ஏறவில்லை. ராஜவேல் இளைத்ததை இந்த உலகத்தில் மன்னிக்காத ஒரே ஆள் அவர்தான்.

"உங்க உடம்பு என் மனசுக்குள்ள இருக்கு தம்பி. கண்ணைக் கட்டிவிட்டாலும் வெட்டிருவேன். நீங்க பாட்டுக்கு அதைத் தொலைச்சிட்டு வந்து நிக்கியளே. நான் யாரைப் பாத்து வெட்ட?"

"தேடிக் கண்டுபிடிச்சுப் போட்டுக்கச் சொல்லித்தான் அப்பா அனுப்பியிருக்கறாருங்க மாஸ்டர்."

விஷயத்தைக் கேட்டதும் மாஸ்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவருடைய கணக்கு மிக எளிமையானது. எவ்வளவு போனதோ அவ்வளவு வைத்துக் கட்ட வேண்டும். குடோன் கந்தப்பனைக் கூப்பிட்டு, "அறுபத்தெட்டுக் கிலோ துணி கொண்டாங்க" என்றார்.

துணி கொழுப்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கந்தப்பனும் யோசிக்கவில்லை. சொன்னதைச் செய்கிறவர். டிராலியில் மூன்று உருளைத் துணியைத் தள்ளிக்கொண்டு வந்து, சாம்பிள் ரூம் வாசலில் இருந்த இன்னொரு எடை மேடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். எண் ஓடி நின்றது.

அறுபத்தெட்டு புள்ளி இரண்டு.

கந்தப்பன் கையைத் தட்டிக்கொண்டு விலகினார்.

ஒவ்வொரு உருளையும் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். மூன்றும் சேர்ந்து ராஜவேலின் மார்பு உயரத்துக்கு நின்றன. திருப்பூரில் துணி உருளையின் கனம் தெரியாதவர்கள் யாருமில்லை. ஒன்றைத் தோளில் ஏற்றினால் இரண்டாவது நாள் இடுப்பு சொல்லும். லைனில் தையல் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பெண்கள் எழுந்து வந்து வாசலில் கூடினார்கள்.

ராஜவேல் குனிந்து ஒரு உருளையைத் தூக்கினான். முடிந்தது. இன்னொன்றை அதன்மேல் வைக்கச் சொன்னான். காலை அகட்டி வைத்துக்கொண்டான். "மூணாவதும் வெய்ங்கண்ணா" என்றான்.

கந்தப்பன் வைப்பதுபோல் கையைக் கொண்டுபோய், வைக்காமல் நிறுத்தினார். "வேண்டாமுங்க தம்பி. இடுப்பு போயிருமுங்க."

இரண்டையும் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றான்.

"இதையுஞ் சொமந்துக்கிட்டுங்களா மூணு மாடி ஏறுனீங்க?" என்றார் கந்தப்பன்.

"எங்கீங்கண்ணா ஏறுனேன்? அதுக்குத்தான சாம்பிள் ரூமைக் கீழ கொண்டாந்தோம்."

ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஜோதிகா மெதுவாக வந்து மேல் உருளையைத் தொட்டுப் பார்த்தாள், கோயிலில் யானையைத் தொடுவதுபோல.

"தூங்கறப்பவுமாண்ணா?"

"தூங்கறப்பவும்தான். கீழ வெக்க முடியாதே."

இசக்கிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். பதினோரு வருடமாக அந்த உடம்பை இன்ச் இன்ச்சாக அளந்தவர். அதைத் தூக்கிப் பார்த்தது கிடையாது. ஒரு உருளையின் அடியில் கையைக் கொடுத்து லேசாக எம்பிப் பார்த்துவிட்டு விட்டார்.

"ஏ அய்யா" என்றார். அவ்வளவுதான்.

ராஜவேலுக்கும் அதுவரை அது ஒரு எண்ணாகத்தான் இருந்தது. இப்போது அவனுக்கு எதிரே அது நின்றது. இதைத் தூக்கிக்கொண்டா கல்யாண மேடையில் உட்கார்ந்தேன், இதைத் தூக்கிக்கொண்டா பஸ்ஸுக்கு ஓடினேன் என்று நினைத்தான். ஓடவில்லை, பஸ்தான் போய்விட்டது. ஆனாலும் நினைத்தான்.

"என்ற முட்டிங்ககிட்ட முதல்ல மன்னிப்புக் கேக்கோணும்" என்றான் அனுப்ரியாவிடம்.

*

எடையை வைத்துக் கட்ட முடியாது, அளவை வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று அனுப்ரியா சொன்ன பிறகுதான் வேலை நகர்ந்தது. டயட்டீஷியன் முதல் நாள் எழுதிக் கொடுத்த சீட்டு அவள் போனில் இருந்தது. வயிறு அறுபது இன்ச். வெட்டி விழுந்த பஞ்சுத் துணிகளை ராஜவேலின் மேல் சுற்றி, அதன்மேல் இறுக்கமாக, இழுத்தால் நீளும் லைக்ரா துணியை மாட்டி, டேப் அறுபது காட்டும் வரை திணித்தார்கள்.

கண்ணாடியில் பழைய ராஜவேல் நின்றான்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கலைந்தார்கள். அனுப்ரியா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "ஏனுங்க, கழட்டிரலாங்களா?" என்றாள்.

"கொஞ்ச நேரந்தான்."

போலோவை மாட்டினார்கள். நின்ற இடத்திலேயே சட்டையின் கீழ் விளிம்பு நான்கு விரல்கடை மேலே ஏறி நின்றது.

இசக்கிமுத்து டேப்பைப் பிடுங்கினார். "அறுபதா? யார் சொன்னா? என் நோட்டுல ஐம்பத்தாறுல்லா இருக்கு! அதே மாசம் நானே டேப்பு போட்டேன்."

"டயட்டீஷியன் பொய்யா எழுதுவாங்க மாஸ்டர்?"

"அப்ப நான் பொய் எழுதுதேனா தாயி? நாப்பது வருசத்து டேப்பு இது!"

இரண்டு பேரும் ராஜவேலைப் பார்த்தார்கள். அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நான்கு இன்ச் எங்கே போனது என்று அந்த அறையில் அவனுக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்வதற்கு இந்தப் பஞ்சு மூட்டையோடு நாள் முழுக்க நிற்கலாம் என்று தோன்றியது.

லேப்டாப் மணியடித்தது. மூன்றரை.

சென்னிமலை உள்ளே வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அனுப்ரியா வணக்கம் சொன்னாள். ஹன்னாவும் சொன்னாள். கழுத்திலிருந்து தொடை வரை திரை நிறைந்தது.

"பாருங்கள், இதுதான். நிற்கும்போதே ஏறுகிறது" என்றாள் ஹன்னா ஆங்கிலத்தில். "போன முறை அனுப்பிய போட்டோவில் இப்படி இல்லை. அதே ஆள்தானே?"

அனுப்ரியா வாயைத் திறப்பதற்குள், கேமராவுக்குப் பின்னாலிருந்து சென்னிமலை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "வயித்த எக்குடா!"

பதினோரு வருடமாக இந்த அறையில் அந்த நேரத்தில் சொல்லப்படும் வார்த்தை. போட்டோ எடுக்கும்போதும், டேப் போடும்போதும்; இந்த அறைக்கு வெளியே கல்யாண ஆல்பத்துக்கும், பெண் பார்க்கப் போனபோதும்.

ராஜவேல் எக்கினான். பஞ்சுக்குள் அவனுடைய வயிறு உள்ளே போனது. வெளியே பஞ்சு வயிறு அப்படியே நின்றது. அதற்கு வெட்கம் தெரியாது.

அவன் சட்டென்று குனிந்தான். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவன் முகம் திரையில் வந்தது. மெலிந்த முகம், தடித்த உடம்பு. ஹன்னா நாற்காலியில் பின்வாங்கியது தெரிந்தது.

"மேடம், அதே ஆள்தான். ஆனால் நான் இப்போது நாலு எக்ஸ்எல் இல்லை. இது துணி" என்றான். அவனுடைய ஆங்கிலம் தடுக்கி விழாமல் நேராக நடந்தது. "பழைய போட்டோவில் சட்டை சரியாக இருந்ததற்குக் காரணம், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தடவையும். இங்கே அளவு எடுக்கும்போதும். எங்கள் மாஸ்டர் மேல் தப்பில்லை. அவர் என்ன பார்த்தாரோ அதைத்தான் வெட்டினார். எனக்கு வெட்கம். நீங்கள் விற்ற நாலு எக்ஸ்எல் எல்லாம், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு ஆளுக்காக வெட்டியது."

இசக்கிமுத்துவின் கையிலிருந்து டேப் நழுவித் தரையில் விழுந்தது. சென்னிமலை நகரவில்லை.

இணைப்பு நின்றுவிட்டதோ என்று அனுப்ரியா லேப்டாப்பைத் தட்டினாள்.

"என் கணவர் உங்கள் சட்டையைத்தான் போடுகிறார்" என்றாள் ஹன்னா. "உட்காரும்போதெல்லாம் கீழே இழுத்து விட்டுக்கொண்டே இருப்பார். அது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன்."

எங்கோ முகம் தெரியாத ஒரு தடித்த மனிதர், சாப்பாட்டு மேசையில் சட்டையை இழுத்து விட்டுக்கொள்வது ராஜவேலுக்குக் கண்ணில் தெரிந்தது. அவனுடைய வெட்கம் பெட்டி பெட்டியாகக் கப்பலேறிப் போய், அங்கே வேறு யாருக்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"வேறு என்ன தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள் ஹன்னா.

தெரிந்தது நிறைய. பஞ்சு வயிற்றோடு ஸ்டூலில் உட்கார்ந்து காட்டினான். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நீளமாக வெட்டினால் முன்பக்கம் எங்கே போகும் என்று காட்டினான். பஸ் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினான். செருப்பு வார் மாட்டக் குனிந்தான். அக்குளில் துணி எங்கே கடிக்கும், வேர்வை எங்கே முதலில் தெரியும், எந்த இடத்தில் துணி ஒட்டினால் ஒரு ஆள் கூட்டத்தில் எழுந்து நிற்காமலே இருந்துவிடுவான் என்றெல்லாம் சொன்னான். இசக்கிமுத்து கீழே உட்கார்ந்து சாக்பீஸால் அந்தச் சட்டையின் மேலேயே கோடு போட்டுக்கொண்டே போனார். அவர் வாழ்க்கையில் யாரும் அவருக்குப் பேசும் உடம்பைக் கொடுத்தது இல்லை.

கடைசியில் ஹன்னா சொன்னாள். "ஆர்டரைப் பற்றித் திங்கட்கிழமை சொல்கிறேன். புதுச் சாம்பிள் வேண்டும். பஞ்சு மேல் வேண்டாம். நிஜமான ஆள், உட்கார்ந்து, மூச்சை விட்டு. அளவை நீங்கள் எடுங்கள். வேறு யாரும் வேண்டாம்."

திரை அணைந்தது.

"அளவை என்னை எடுக்கச் சொல்றாங்க மாஸ்டர்" என்றான் ராஜவேல், தனக்குத் தானே சொல்வதுபோல.

"எடுங்க தம்பி. நான் எடுத்த லட்சணந்தான் இப்பத் தெரிஞ்சு போச்சே" என்று டேப்பை எடுத்து அவன் கழுத்தில் போட்டார் இசக்கிமுத்து.

அனுப்ரியா பஞ்சை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். "திங்கக்கிழமைக்குள்ள ஆளுக்கு எங்கீங்க போறது? சட்டையைக் கழட்டி வயித்த விட்டுக்கிட்டு வெள்ளக்காரம்மா முன்னால உக்காருன்னா எவன் வருவான்? நீங்களே வந்திருக்க மாட்டீங்க."

உண்மைதான். பழைய ராஜவேலைக் கூப்பிட்டிருந்தால் காய்ச்சல் என்று படுத்திருப்பான்.

அதுவரை சுவர்ப் பக்கமாக நின்ற சென்னிமலை கனைத்தார். "எல்லாரும் வெளிய போங்க. அம்மிணி, நீயும் போ சாமி. கதவைச் சாத்திட்டுப் போ."

கதவு சாத்தப்பட்டது; ராஜவேல் மட்டும் நின்றான். சென்னிமலை வெள்ளைச் சட்டையின் பித்தானைக் கழற்றத் தொடங்கினார். மகன் பார்க்காத பக்கமாகத் திரும்பி, பிறகு ஏதோ முடிவு செய்தவர்போல் அவன் பக்கமே திரும்பினார்.

"டேப்பு போடு."

"அப்பா…"

"போடுன்னா போடு. நாலு எக்ஸ்எல்லு வருமா வராதான்னு பாரு."

ராஜவேல் டேப்பைச் சுற்றினான். "மூச்சை விடுங்கப்பா."

"விட்டுட்டேன்."

"இல்லீங்க."

"விட்டுட்டேங்கறேன்!"

"எனக்குத் தெரியாதுங்களா?"

அப்புறம், அறுபத்தாறு வயதில், மகன் முன்னால், சென்னிமலை மெதுவாக மூச்சை விட்டார். தோள் இறங்கியது. முகம்கூட ஒரு சைஸ் பெரிதானது போலிருந்தது. இவ்வளவு வருடமாக இந்த மனிதர் எக்கிக்கொண்டேதான் தன்னை அதட்டியிருக்கிறார் என்று ராஜவேலுக்கு அப்போதுதான் விளங்கியது. இவரை முழுசாக இப்போதுதான் பார்க்கிறோம் என்றிருந்தது.

எண்ணைப் பார்க்கக் குனிந்தான்.

தொப்புளுக்குக் கீழே, டேப்பின் விளிம்பையொட்டி, சிறிய சிறிய நீலப் புள்ளிகள். வலது பக்கம் ஒரு வரிசை, இடது பக்கம் ஒரு வரிசை. சிலது பழசு, இரண்டு புதுசு. இன்சுலின் ஊசி குத்திய தடம் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவனுக்கே அதைப் போட ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் அவன் பேக்கரி வரை நடந்தான்.

சென்னிமலைக்குச் சர்க்கரை இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. நேற்றுகூட அம்மா அவருக்கு இரண்டாவது தடவை பாயசம் ஊற்றினாள். அவரும் குடித்தார்.

"எத்தனை மாசமாங்கப்பா?"

சென்னிமலை சுவரில் மாட்டியிருந்த அளவு அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார். மூச்சை மறுபடி பிடிக்கப் போனவர், டேப் நகர்வதை உணர்ந்து, பிடிக்காமல் விட்டார்.

"உங்கொம்மாகிட்டச் சொல்லீராத" என்றார். "முதல்ல அளவைச் சொல்லு கண்ணு."